போகும்

மச்சான் இருக்கிற ஊருக்குப் பெயர் போகும்.
ஜேர்மன்காரர் எப்படி உச்சரிப்பார்களோ தெரியாது,
எங்கள் வீட்டில் அது எதிர்கால வினைமுற்று.
"பேரிலேயே போகும் எண்டிருக்கு, போகாமல் விடுமோ"
என்று சுகிர்தா சொன்ன அன்று தொடங்கியது.

விற்பனை அவர்களுக்குக் காலை பத்து,
உவர்மலையில் பகல் ஒன்றரை.
சீனக்குடா மா ஆலையில் அரைநாள் லீவு போட்டு வந்தேன்.
நாலு பேர், நாலு திரை, ஒரே வாசகம்:
உங்களுக்கு முன்னே ஒன்பதாயிரத்து நாற்பத்தொரு பேர்.

ஒருவரும் பயப்படவில்லை.
காஸ் சிலிண்டரைச் சைக்கிள் சங்கிலியால்
அடுத்தவர் சிலிண்டரோடு பூட்டிவிட்டு
இரண்டு இரவு தெருவில் கிடந்த குடும்பம் இது.
அங்கே முன்னால் நின்றவரின் முதுகு தெரிந்தது,
அவருக்கு மூலவருத்தம் என்பது வரைக்கும் தெரிந்தது.
இங்கே ஒன்பதாயிரம் பேரும்
ஒரு பச்சைக் கோட்டுக்குள்
மூச்சுச் சத்தமே இல்லாமல் நிற்கிறார்கள்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
துளசிகா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
எல்லோருக்குமாகச் சொன்னதால் கேட்காத மாதிரி இருந்தோம்.
ஆரூரனின் போன் மட்டும் இன்னும் வரிசையில்.
சிக்னல் தேடிக் கேற்றடிக்கு ஓடினான்,
கையை வானத்துக்குத் தூக்கியபடி.
மதிலோரம் இரண்டு புள்ளிமான்
எங்கள் குரோட்டனைத் தின்றுகொண்டு நின்றன.
கலைக்க யாருக்கு நேரம்.

"விட்டாங்கள்! உள்ள விட்டாங்கள்!"

அரங்கின் படம் முழுக்கச் சாம்பல்.
சாம்பலுக்குள் அங்கொன்று இங்கொன்று நீலக் கதிரை,
நாலு சேர்ந்து எங்கேயும் இல்லை.
கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்குமிடம் இருந்தது,
ஆளுக்குப் பதினாறு யூரோ.

"காசு குடுத்து நிக்கிறதோ?" என்றாள் சுகிர்தா.
"காஸுக்கு ரெண்டு நாள் நிண்டனீங்கள்தானே அம்மா."
"காஸ் வீட்டுக்கு வந்தது. இதில என்ன வரும்?"
மூலையில் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது.
துளசிகா பாடசாலை அணியில் இடது காவல்.
பெடியள் மைதானத்தை விடாததால்
கடல் மணலில் ஓடிப் பழகிய கால்.
"நிக்கிற இடத்திலதான் அம்மா பாடுவினம்" என்றாள்.
அதோடு அந்தக் கதை முடிந்தது.

எனக்குக் கூட்டமென்றால் முதலில் வாசல் எங்கே என்று பார்க்கிற பழக்கம்.
படத்தில் தேடினேன். மூன்று இருந்தன.
சரி என்றேன்.

என் அட்டையை வங்கி இரண்டு தரம் மறுத்தது.
மச்சான் வேலையிடத்துக் கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று
தன் இலக்கங்களை மெல்ல மெல்ல வாசித்தான்,
நடுவில் யாரோ கதவைத் தட்ட
எட்டா ஏழா என்று எங்களுக்கு விளங்கவில்லை.
எட்டு.

பிறகு பெயர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் கேட்டார்கள்.
பிள்ளைகளுக்கு என் பெயர்.
சுகிர்தாவுக்கு அவளின் அப்பா, நல்லதம்பி:
துறைமுகத்தில் நாற்பது வருஷம் வின்ச் இழுத்து
ஒரு கப்பலிலும் ஏறிப் போகாதவர்.
செத்துப் பதினொரு வருஷம்.
எனக்கு என் அப்பா, கதிர்காமு:
தொண்ணூறாம் ஆண்டு பாண் வாங்கப் போனவர்.
ஆங்கில எழுத்தில் அவர் பெயரை அடித்தபோது
ஓரெழுத்துக் குறைந்து, திரும்ப அடித்தேன்.

நாலு ரிக்கற்.
எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்.

"அப்பாவுக்கு நிக்கேலாது, முழங்கால் நோ"
என்றாள் சுகிர்தா, சிரிக்காமல்.

விசாவுக்கு அடுத்த மாதம் கொழும்பு போகவேண்டும்.
அவர்கள் தராவிட்டால் காசு திரும்பாது
என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததை
ஆரூரன் பிந்தித்தான் வாசித்தான்.
மின்விசிறி சுழலத் தொடங்கியது.
நான் வெளியே போய் மான்களைக் கலைத்தேன்.
குரோட்டனில் தண்டு மட்டும் மிச்சம்.