உடைய வேண்டிய இடம்

முதலில் போனது சர்வோவின் கை.
பிளாஸ்டிக் கை. உள்ளே இருபத்தைந்து பற்கள்,
அத்தனையும் வழித்துத் துடைத்த தேங்காய்ச் சிரட்டை.
ஷோங்வேனி அணைக்குக் கீழே, மூன்றாம் வாயிலுக்கு முன்,
முன்சக்கரம் பாறைப் பிளவுக்குள் இறங்கியிருந்தது.
வலது என்றேன்.
சர்வோவும் வலது என்று முனகியது.
சக்கரம் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை.

மிளகாய்ப் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே
சிபுசிசோ சொன்னான்: "அலுமினியம் போடு, ஷாமினி."

போட்டேன். நூற்றுப் பத்து ரேண்ட்,
சிவப்பு, மூக்குத்தி அளவு பளபளப்பு.
அடுத்த ஞாயிறு கை அசையாமல் நின்றது,
அதற்குப் பின்னால் இருந்த கியர் மாவாகிப் போனது.

எஃகுப் பல் சர்வோ வாங்கினேன்.
இருபத்தைந்து கிலோ இழுக்குமாம்.
இழுத்தது.
ஸ்டீயரிங் கம்பியை வாழைப்பழமாக்கியது.

கம்பி தடித்தது, நக்கிள் உடைந்தது.
நக்கிளைப் பித்தளை ஆக்கினேன்,
அச்சின் மூட்டு முறுக்கிக்கொண்டு
கோழிக்கழுத்து மாதிரி தொங்கியது.
பலவீனம் எங்கேயும் போவதில்லை.
வீடு மாற்றிக்கொண்டே இருக்கிறது,
ஒவ்வொரு முறையும் வாடகை கூடிய வீட்டுக்கு.

யூனிட் ஏழில் எங்கள் சமையலறை மேசை.
ஊறுகாய் பாட்டில் மூடியில் திருகுகள்,
நீலப் பசை உலராமல் ஒரு துளி.
நிர்வாஷன் தட்டோடு வந்து நின்று
"சாப்பிட இடம் இருக்கா" என்று கேட்பான்,
வண்டியிடம்.

உடைந்த பிறகு கண்டுபிடிக்க யாராலும் முடியும்.
நான் உடைவதற்கு முன் பார்க்கப் பழகினேன்:
வளைகிற இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக்
முதலில் வெளுக்கும், நகத்தை அழுத்தினாற்போல்.
சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால்
ஒரு மயிரிழை லொடலொடப்பு.
பினியன் ஓரத்தில் மை போன்ற தூள்.
மோட்டார் சூடு உள்ளங்கையில் மூன்று எண்ணுவதற்குள்
கையை எடுக்கச் சொன்னால்,
எங்கோ ஒரு பல் இறுக்கமாகக் கடிக்கிறது.

அன்றைக்கு லோட் ஷெட்டிங், எட்டிலிருந்து பத்து.
தலையில் டார்ச் கட்டி
பின் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
பத்து மணிக்கு மின்சாரம் வந்தது,
வந்த வேகத்தில் தெருமுனையில் டமார்.
மறுபடி இருட்டு. நாய்கள்.
நள்ளிரவில் மாநகராட்சி வண்டி வந்தது.
ஏணியில் இருந்து இறங்கிய ஆள்
கருகிய கம்பித் துண்டு ஒன்றைக் காட்டினார், விரல் நீளம்.
"இது எரியலைன்னா உங்க ஃப்ரிட்ஜ் எரிஞ்சிருக்கும்"
என்று சொல்லி அதைச் சாக்கடையில் எறிந்தார்.

நான் உள்ளே வந்து
சிவப்பு மூக்குத்தியைக் கழற்றினேன்.

பிளாஸ்டிக் கை, எட்டு ரேண்ட். ஐந்து வாங்கினேன்.
மற்ற எல்லாம் எஃகு, பித்தளை; அது மட்டும் பிளாஸ்டிக்.
சிபுசிசோ பார்த்துவிட்டுச் சிரித்தான்.
"இவ்வளவு செலவு செஞ்சு, பொம்மைக் கையா?"

ஞாயிறு, நான்காம் வாயில்.
ஆமை சாப்பிட்டு எழுந்து நடக்கிற வேகத்தில்
வண்டி மணற்கல்லில் மூக்கை வைத்து ஏறியது,
பின்சக்கரம் ஒன்று காற்றில்,
முன்சக்கரம் இடுக்கில் சிக்கி, நான் விடாமல் திருப்ப,
டக்.

முழங்காலில் வைத்தேன். ஒரு திருகு.
பழைய கை வெளியே, புதிய கை உள்ளே.
இரண்டு நிமிடம், இல்லை, மூன்று; வியர்வையில்
திருகு ஒருமுறை புல்லில் விழுந்தது.
மேலே சிபுசிசோவின் வண்டி
முழு எஃகோடு, அச்சு இரண்டாகி,
குப்புறக் கிடந்தது. அவன் சிரிக்கவில்லை.
பஜ்ஜிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

நான் ஜெயிக்கவில்லை. அந்த மூன்று நிமிடம்
எனக்கு ஐந்தாம் இடம் கொடுத்தது.
ஃபீனிக்ஸ்காரப் பையன் ஒருவன்
கடையில் வாங்கியபடியே ஒரு வண்டி கொண்டுவந்து,
எதையும் மாற்றாமல், எதையும் உடைக்காமல்,
மெல்ல ஏறிப் போய்விட்டான்.
அவன் கட்டைவிரலைப் பார்த்தேன். அவசரமே இல்லை.
அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

திங்கட்கிழமை அலுவலகத்தில், காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில்,
வெடித்த கீசருக்காக ஒருவர் போனில் கத்துகிறார்.
கேட்டுக்கொண்டே பையைத் துழாவுகிறேன், பேனாவுக்காக.
இன்னும் மூன்று கைகள் இருக்கின்றன.