முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா

ஸ்டென்ருட் பண்ணை ஏலத்தில்
வேலிக்கம்பிச் சுருளுக்காகத்தான் கை தூக்கினேன்.
சுருளோடு சேர்த்துக் கட்டியிருந்தது இதுவும்:
தோட்டா அழுத்தும் பொறி, வார்ப்பிரும்பு,
கன்றுக்குட்டித் தலையின் கனம்,
துருவுக்கு மேல் துரு.
பதினோரு டாலர்.
"நங்கூரமாக வைத்துக்கொள்" என்றான் ஏலக்காரன்.
ஆகஸ்டில் ஜூடித் ஆற்றில்
நங்கூரம் நனையத் தண்ணீர் ஏது.

நவம்பர் முழுதும் மண்ணெண்ணெயில் கிடந்தது.
தண்டு அசையவில்லை.
இரவெல்லாம் மாவட்டச் சாலையில் பனி தள்ளிவிட்டு
விடிந்து வந்து, பூட்ஸைக் கழற்றாமல்
ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. பிறகு தூக்கம்.
டிசம்பர் நான்காம் தேதி
டக்.
காபி பொங்கி அடுப்பில் வழிவது தெரியாமல்
ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.

சிவப்புக்குக் கீழே டிராக்டர் சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே தொழிற்சாலைப் பச்சை.
பச்சையோடு நிறுத்திக்கொண்டேன்.
கைப்பிடி உருண்டை மட்டும் மரம்.
அது தேய்ந்திருந்த பக்கம் என் உள்ளங்கைக்கு ஒட்டவில்லை.
ஸ்டென்ருட் இடக்கைக்காரராம்.
இருபது வருடம் அடுத்தடுத்த நிலம், எனக்குத் தெரியாது.
எல்லைக்கல் தகராறில் என்னை நோக்கி ஓங்கியது
எந்தக் கை என்று
இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.
அடிக்கிண்ணத்தில் அவர் வெடித்துத் தீர்த்த பொட்டுகள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்திய குழி.
பத்திரப்படுத்தினேன் என்று சொல்ல ஆசைதான்.
கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி, ஒரு ஞாயிறு. ஐம்பது பித்தளைக் கூடுகள்.
ஓர் இழுப்புக்கு ஒரு வேலைதான் தெரியும் இதற்கு:
பழைய பொட்டைத் தள்ளும்.
புதுப் பொட்டை ஊன்றும்.
வாயை மயிரளவு விரிக்கும்.
நான் மருந்து ஒரு சிட்டிகை இட்டால்
மேலே ஈயத்தை உட்காரவைக்கும்.
முப்பத்தொன்றில் எல்வின் அழைத்தான்.

அண்ணன். மூன்று வருடம் கழித்து, ஸ்போக்கேனிலிருந்து.
அப்பா நிலத்தில் தன் பங்கை விற்றாயிற்றாம்.
கையெழுத்தும் ஆயிற்றாம்.
தகவல் சொல்லத்தான் கூப்பிட்டானாம்.
சரி என்றேன்.
இன்னொரு தடவையும் சரி.
திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்தேன்.

ஐம்பதும் முடிந்த பிறகுதான் உறைத்தது.
முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா,
எதில் மருந்து போட்டேன், எதில் விட்டேன்?

மருந்தில்லாத தோட்டா சும்மா இருந்துவிடாது.
பொட்டின் மூச்சே போதும்,
குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளி
அங்கேயே அடைத்துவைக்க.
அடுத்தது அதன் முதுகில் வந்து மோதும்.
பிறகு குழல், பிறகு விரல்.

தராசு கைவிட்டது:
கூட்டுக்குக் கூடு பித்தளை மாறும் எடையைவிட
மருந்தின் எடை குறைவு.
காதோரம் குலுக்கினேன்;
முதலில் எல்லாம் கிசுகிசுத்தன, பிறகு எதுவுமே இல்லை.
உடைப்பதைத் தவிர வழியில்லை.
கழற்றும் சுத்தியலுக்குள் ஒவ்வொன்றாய் இட்டு
மரக்கட்டையில் மூன்று அடி, நான்கு அடி,
ஈயம் கழன்று விழும்வரை.
நாய் கொட்டகைக்குப் போய்விட்டது.
பதினேழாவதில் வாய்விட்டுக் கேட்டேன்:
சரி என்றா சொன்னேன்?
நாற்பதுக்கு மேல் அவன் பெயர் சொல்லியே அடித்தேன்.

ஐம்பதிலும் மருந்து இருந்தது.
முப்பத்தொன்றிலும். முப்பத்திரண்டிலும்.

போனை உறைபெட்டியில்
எல்க் இறைச்சிக்கும் பட்டாணிப் பைக்கும் நடுவே செருகிவிட்டு
ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.
இந்த முறை இடக்கையால் இழுத்தேன்.
உருண்டை கைக்குள் வந்து உட்கார்ந்தது,
சொந்தக்காரி மாதிரி.

பதினொரு மணிக்குப் போனை எடுத்தேன்.
காது சில்லிட்டது.
"எல்வின், காலையில் சொன்ன இரண்டு சரியையும்
கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.
இப்போது சொல்கிறேன், கேள்."
"என்ன சத்தம் அங்கே?" என்றான்.
கிண்ணத்தில் பொட்டுகள் விழும் சத்தம் என்றேன்.
கையை நிறுத்திவிட்டு
ஆரம்பித்தேன்.