ஏழாம் எண் தோட்டம்

பல்லராட்டில் நவம்பர் ஞாயிறு.
நூலகத்தில் கொடுத்த வரைபடத்தில்
பதினோரு பச்சைப் புள்ளிகள்:
இன்று ஒருநாள் திறந்திருக்கும் வீட்டுத் தோட்டங்கள்.

பதினோரு வீடுகளையும் எனக்குத் தெரியும்,
கதவு வரைக்கும்.
மணி அடிக்காத வீடு,
நாயைக் காலால் தள்ளியபடி கையெழுத்துப் போட வருகிறவர் வீடு,
"மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வை" என்று
மழையில் கரைந்த சீட்டு ஒட்டிய வீடு.
ஆறு வருடமாகப் பார்சல் வண்டி ஓட்டுகிறேன்.
வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று
என் வேலை என்னைக் கேட்டதே இல்லை.

ஏழாம் எண்ணில் பக்கக் கதவைக்
கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
நுழைய ஐந்து டாலர்,
அதைப் போட ஒற்றைக்கால் ரப்பர் பூட்ஸ்.

உள்ளே எல்லாரும் பிரகாரம் சுற்றுகிற வேகத்தில்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
துணிக்கொடி இன்றைக்கு மட்டும் வெறுங்கொடி.
நேற்றைய மழையில் சாய்ந்த ஐரிஸ்களை
மூங்கில் குச்சியோடு கட்டி நிறுத்தியிருந்தது
கிழிந்த காலுறை ஒன்று.

நோலீன் பாஸ்கோ.
பெயரைப் பெட்டிகளின்மேல் படித்திருக்கிறேன்.
முழங்காலில் பட்டி, இடுப்பில் கத்தரி.
என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.
ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டால்
இந்த ஊரில் நான் யாரோ.
"அஞ்சு நிமிஷம் வாசலைப் பார்த்துக்கொள்கிறாயா,
கெட்டில் கத்துகிறது" என்றவள்
தன் வைக்கோல் தொப்பியை என் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

தொப்பிக்குள் இன்னும் அவள் சூடு.

அந்த நேரம் பார்த்து
ஜீலாங்கிலிருந்து ஒரு தம்பதி.
"எல்லாம் உங்கள் கைவேலையா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சுவரோரம் அந்த மஞ்சள் ரோஜாவுக்கு என்ன வயது?"

அது எனக்குத் தெரிந்திருந்தது.
ஒரு ஜூலை, கண்ணாடியில் உறைபனி சுரண்டிய காலை.
நீளமான அட்டைப்பெட்டி,
உயிருள்ள செடி, தலைகீழாக வைக்காதே.
இலை என்று ஒன்றில்லை உள்ளே, வேரும் முள்ளும்தான்.
அட்டையைத் துளைத்து வந்த முள்
என் கட்டைவிரலைத் தேடிக் குத்தியது.

"மூன்று முடிந்து நாலு நடக்கிறது" என்றேன்.
"வந்தபோது விறகு மாதிரி இருந்தது."

"என்ன உரம்?"
"மீன் கழுவிய தண்ணீர்."
வாயில் வந்ததைச் சொன்னேன்.
அந்தப் பெண் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.
எனக்கு இருப்பது மூன்றாம் மாடியில் ஓர் அறை.
ஜன்னல் நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது.

திரும்பினால், மூலையில் நோலீன்,
இரண்டு கையிலும் தேநீர்.
எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

தொப்பியைக் கழற்றப் போனேன்.
அவள் கோப்பைகளைச் சுவர்மேல் வைத்தாள்.
ஏப்ரனை அவிழ்த்தாள்.
வீட்டுக்குள் போய், முன்வாசல் வழியே தெருவுக்கு இறங்கி,
சுற்றிக்கொண்டு பக்கக் கதவில் வந்து நின்றாள்.
பூட்ஸுக்குள் ஐந்து டாலர் தாளை மடித்துப் போட்டாள்.
"நல்ல வெயில்" என்றாள்,
முன்பின் தெரியாதவனிடம் சொல்வதுபோல.

பிறகு நடந்தாள்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
ரோஜாவின் முன்னால் நின்றாள்.
இடுப்புக் கத்தரியை இரண்டு முறை தொட்டாள்,
எடுக்கவில்லை.
பாசி கலையாத பெஞ்சு ஒன்று இருந்தது அங்கே.
உட்கார்ந்தாள்.
உட்கார்ந்து பழக்கமில்லாதவள் என்று
அவள் பாதங்கள் சொல்லின.

"இது என்ன செடி?"
பெஞ்சுக் காலடியைக் காட்டினாள்.

"களை என்று நினைக்கிறேன்."

"பிடுங்கவில்லையா?"

"நேரம் எங்கே இருக்கிறது?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது.
ஜீலாங் தம்பதி எங்கள் இருவரையும் பார்த்து
ஒன்றும் புரியாமல், மரியாதைக்குச் சிரித்தார்கள்.

நான்கு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம்.
பூட்ஸைப் புல்மேல் கவிழ்த்து எண்ணினோம்,
தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது.
இருநூற்றுப் பதினைந்து டாலர்.
நாற்பத்து மூன்று பேர்,
அவளையும் சேர்த்து.