போ ஏ

இரவு ஷிப்ட் முடிந்து பஸ் இறக்கிவிட்டபோது
பாடாங் செராயில் தெருவிளக்குகள் அணையவில்லை.
பப்பாளி மரம் வேலிமேல் சாய்ந்து கிடந்தது,
நேற்றைய காற்று.
பதினேழு காய், நான்கு பழம்.
ஒன்றில் மைனா முந்திக்கொண்டது.

குணசேகரனின் குரல்பதிவு வந்து பதினோரு நாள்.
கப்பல் சமையலறையில் இருக்கிறான் தம்பி.
தாஹித்தியில் இரண்டு நாள் நங்கூரம்,
தெயூரா என்றொரு அக்காள் வீட்டில் சாப்பாடு.
அங்கே ஒரு பண்டம்:
கனிந்த பப்பாளி, மரவள்ளி மாவு, சர்க்கரை,
வாழையிலைமேல் ஊற்றி அவனில் வைத்து
ஆறியபின் வெட்டித் தேங்காய்ப்பால் விடவேண்டும்.
"பேரு போ ஏ" என்கிறான்.
பின்னால் ஒரு பெண் சிரிக்கிறாள், திருத்துகிறாள்:
போவுக்கும் ஏவுக்கும் நடுவில்
தொண்டை ஒரு கணம் அடைக்க வேண்டுமாம்.

எனக்கு அது முதல் தடவையே வந்துவிட்டது.

"மாவு எவ்வளவு?" என்று எழுதினேன்.
"பாத்துப் போடு."
ஃபாக்டரியில் என் வேலை ஓட்டை பார்ப்பது.
கையுறைக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டால்
ஐந்து விரலும் வீங்கி நிற்கும்.
எந்த விரல் சொட்டுகிறது என்று பார்க்கவேண்டும்.
இவன் சொன்ன செய்முறையோ
எல்லா விரலிலும் சொட்டியது.

பழத்தை வேகவைத்தேன். தண்ணீராய் விட்டது.
வடித்தேன், இன்னும் விட்டது.
மாவுப் பொட்டலத்தில் கப்பல் படம்.
தம்பியின் கப்பல் இதைவிடப் பெரிதாய்த்தான் இருக்கும்.
ஒரு கிண்ணம் கொட்டினேன்,
கரண்டி நிற்கவில்லை,
இன்னும் அரைக் கிண்ணம்.
வெனிலா இல்லை, பாண்டான் இலையை முடிச்சுப் போட்டேன்.

கம்பெனி விருந்தில் குலுக்கலில் விழுந்த அவன்.
மூன்று வருடமாய் அதற்குள் கரண்ட் பில்கள்.
எடுத்து வைத்துவிட்டுச் சூடேற்றினேன்.
சோற்றுப் பானையும் சேர்ந்து ஓட
மெயின் சுவிட்ச் படக்கென்று விழுந்தது.

காற்றாடி நின்றதில் புவனன் எழுந்து வந்தான்.
செம்பனை லாரி ஓட்டுகிற கை,
தட்டின் நடுவில் ஒரு விரல் வைத்து அழுத்தினான்.
பள்ளம் விழுந்து
மெதுவாக மேலே வந்தது.
"கட்டிப்பால் மாதிரி இருக்கு.
நாறல, அவ்ளோதான் வித்தியாசம்."
சுவிட்சைத் தூக்கிவிட்டுப் படுக்கப் போனான்.

சந்தான் வாங்கப் போன இடத்தில்
காக் ரோஸ் விசாரித்தாள், சொன்னேன்.
"அது பிங்காதானே?" என்றாள்.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை,
அவன் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில்
அம்மாவின் சேமநிதிப் பணத்தில் பங்கு கேட்டான்.
நான் கூரை மாற்றிவிட்டிருந்தேன்.
பெட்டியைத் தூக்கினான்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
யாரும் தனியாக அனுப்பமாட்டார்கள்,
வாலில் இன்னொன்றைக் கட்டித்தான் அனுப்புவோம்.
அன்று நான் கட்டவில்லை.
கூரை இப்போதும் ஒழுகவில்லை.

மதியம் லோஷினி பள்ளிவிட்டு வந்தாள்.
ஆறியிருந்தது. வெட்டினேன்.
கத்தியில் ஒட்டி இழுத்தது,
ஓரம் கருகல், நடுவில் மாவுக் கட்டி ஒன்று.
பாலை ஊற்றியதும்
ஆரஞ்சுத் துண்டு வெள்ளையில் முங்கி
எட்டிப் பார்த்தது.
மூன்று துண்டு தின்றாள்.
"இதுக்குப் பேர் என்னம்மா?"
"உங்க மாமாவைக் கேளு."

படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே எந்த நேரமோ,
இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது.

"தட்டிப் பாரு, ஆடுதா?"

ஆடுது, என்று எழுதினேன்.
இன்னொரு சொல்லுக்காக விரல் அங்கேயே நின்றது.
அவனை அணைக்காமல் விட்டது ஞாபகம் வந்து
எழுந்து போனேன்.