சுருக்குக்கம்பி

கபிர்சனை எங்களிடம் விட்டுப்போன அன்று
நன்னடத்தை அலுவலர் ஒரு கோப்பும் தந்தா.
அதில் அவனுக்கு மூன்று முகவரி,
இரண்டு பிறந்த திகதி.
நாலாவது வீடு நாங்கள்.

பையை அவன் முழுதாகத் திறந்ததில்லை.
உடுப்பு வேண்டுமென்றால்
கை நுழையுமளவு மட்டும் சிப்பை இழுத்து,
தடவி எடுத்து, மூடிவிடுவான்.
அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம்
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்று
எனக்குப் பதறும்.

அலுமாரியில் ஒரு தட்டைத் துடைத்து
பூச்சியுருண்டை போட்டு வைத்திருந்தேன்.
மூன்று மாதம் அது தன்பாட்டில் மணந்தது.

கார்த்திகை மழை.
முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கம்
பன்றிக்குக் கட்டின கம்பியில்
கழுத்து மாட்டி ஒரு நாய்.
ஓடி வந்து சொன்னான்:
"அது கத்தேல்லை.
கத்தியிருந்தால் ஆராவது வந்திருப்பினம்."
எங்களோடு அவன் பேசிய
ஆக நீளமான கதை அதுதான்.

இவர் குறடு கொண்டு போனார்.
கம்பி அறுந்த கையோடு
இவருடைய மணிக்கட்டைக் கவ்வியது நாய்.
மாங்குளம் ஆஸ்பத்திரியில் முதல் ஊசி.
திரும்பி வந்து பார்த்தால்
லான்ட்மாஸ்டர் பெட்டிக்கடியில் அது,
மூன்று முழம் தள்ளிப் பொடியன்,
நடுவில் பாண் கரை ஒன்று
நனைந்து ஊதிக் கிடந்தது.

கூப்பிடவில்லை அவன்.
தடவப் போகவுமில்லை.
பள்ளிக்கூடம் விட்டு வந்து
முதுகைக் காட்டிக்கொண்டிருந்து
ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னான்.
அடுத்த நாள் இரண்டு முழம்.
ஒரு முழத்தில் ஒரு கிழமை நின்றது.

எனக்கு இந்த முதுகு காட்டும் வித்தை தெரியாது.
அவன் வந்த அன்றைக்கே முட்டை பொரித்து,
சாப்பிடும் வாயையே பார்த்திருந்து,
"அம்மா எண்டு கூப்பிடு" என்று கேட்டவள் நான்.

குளம் வான் பாய்ந்த இரவு
முற்றம் முழுக்கத் தண்ணி.
டோர்ச் அடித்தேன்.
விறாந்தையில் அவனுடைய பை
வாய் பிளந்து கிடந்தது.
உள்ளே அரைவாசி நாய்,
வெளியே அரைவாசி,
கழுத்துப் புண்ணில் என் குசினி மஞ்சள்.
சட்டைகள், மடிப்பில் கிழிந்த குடும்ப அட்டைப் பிரதி,
ஒற்றைத் தோடு
(யாருடையதென்று இன்றுவரை கேட்கவில்லை),
எல்லாம் அலுமாரித் தட்டில்.
மடிக்கத் தெரியாமல் மடித்திருந்தான்.

தை பிறந்து அலுவலர் வந்தா.
படலையில் ஸ்கூட்டியை நிறுத்தவும்
நாய் பாய்ந்து குரைத்தது.
அதற்குக் குரல் இருப்பதை
அன்றுதான் அறிந்தோம்.
"இஞ்ச இருக்க விருப்பமோ தம்பி?"
கோப்பை விரித்தபடி அவ.
மயிர் முளைக்காத அந்த வளையத்துக்குள்
விரலை விட்டுப் பிடித்தபடி அவன்:
"கிட்ட வராதேங்கோ மிஸ்.
எங்கட ஆக்களைத்தான் இது கடிக்காது."

இவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார்.
நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.
கண்ணுக்கு முன்னால் இருந்த
சீனிப் போத்தலைக்
கனநேரம் தேடினேன்.