மூன்றாம் வரைவு

பீட்டர்பரோ நகரசபை எனக்கு
ஆறு வாரமும் ஒரு கேள்வியும் தந்தது:
உழவர் சந்தை ஒன்று
இந்த நகரத்துக்கு வேண்டுமா?
கூடவே எண்ணும் கருவி ஒன்று,
கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓர் ஆள்.

சனிக்கிழமை, ஏழு முதல் பதினொன்று வரை
ரயிலடிக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்து வாசலில்
நின்று அழுத்தினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
அதில் ஒருவர் என்னை மூன்று முறை தாண்டிப்போனார்,
நாயைத் தேடி.
நாய் கிடைத்ததும் நாலாவது முறை.
நானூற்றொன்பது என்று திருத்தினேன்.
நடப்பவர் எல்லாம் வாங்குபவர் ஆகார்
என்று ஓரத்தில் எழுதி
அதையும் அடித்தேன்.
வெயில் அடித்தது. எல்லோரும் பசித்தவர்களாகத் தெரிந்தார்கள்.
முதல் வரைவில்: ஆம்.

பெரில் ஸ்டானியனின் வயல் பதினான்கு மைல் தள்ளி.
கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கறுத்த மண்,
கோடு போட்ட தாள் மாதிரி வாய்க்கால்கள்.
லீக்ஸ் பிடுங்கியபடியே சொல்லிக்கொண்டு போனார்:
வேனுக்கு டீசல், இடத்துக்கு வாடகை,
கூடாரம், காப்பீடு, தராசுக்கு முத்திரை,
மகனுக்கு ஒருநாள் கூலி,
விற்காமல் வாடித் திரும்பும் கீரைக்கு
யார் விலை போடுவது?
மின்கட்டண உறையின் முதுகில்
பென்சிலால் கூட்டிக் கழித்து நீட்டினார்.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது என்போம்.
அவருக்கு மிஞ்சியது நாற்பது பென்ஸ்.
"மழை வந்தால் அதுவும் இல்லை."

ஆனாலும் வருவீர்களா என்றேன்.
மண்வெட்டியில் சாய்ந்து யோசித்தார்.
"அங்கே கழிப்பறை இருக்குதா?
விடிய ஐந்துக்கு வந்தால் மூன்று மணிவரை நிற்கணும்.
எனக்கு அறுபத்தொன்று."
என் படிவத்தில் முப்பத்தெட்டுக் கேள்விகள்.
அது இல்லை.

மூடிய சந்தைக்குள் இம்தியாஸ்.
இரவு இரண்டு மணிக்கு மொத்தக் கடைக்குப் போய் வந்து
வெண்டிக்காய், கொத்தமல்லிக் கட்டு,
கிண்ணம் ஒரு பவுண்டுக்குத் தக்காளி என்று அடுக்குபவர்.
உழவர் சந்தை வந்தால், என்று நான் தொடங்க,
"நான் உழவன் இல்லை, சரி.
இருபத்தேழு வருசம் இந்த ஊர் அடுப்புக்குக் காய் போட்டவனுக்கு
உங்கள் அறிக்கையில் என்ன பேர்?"
பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.
'தற்போதைய போட்டி.'
எழுதியது நான்தான்.
இரண்டாம் வரைவில்: இல்லை.

ஐந்தாம் வாரம், அனுமதிச் சீட்டு வாங்கி
ஒரே ஒரு மேசை போட்டுப் பார்த்தோம்.
பெரில், இருநூறு லீக்ஸ், பாதி மழை.
தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த பெண்
விலை கேட்டாள், நன்றி சொன்னாள்,
பஸ் மணிக்கு ஒன்றுதான் என்று ஓடினாள்.
அவளை எண்ணுவதா வேண்டாமா
என்று விரல் தயங்கியது.
கடிகாரக் கடைக்காரர் மண் ஒட்டிய வேரைப் பார்த்து
கழுவித் தரமாட்டீர்களா என்றார்.

பதினொன்றரைக்கு இம்தியாஸ் வந்தார்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு,
வேவு பார்க்க வந்ததை மறைக்காமல்.
ஒரு தண்டை எடுத்தார். மடக்கினார். மோந்தார்.
"எப்போ பிடுங்கினது?"
"நாலு மணிக்கு."
"நேற்றா?"
"இன்றைக்கு, ஐயா."
பிறகு இருவரும் விலையில் இறங்கினார்கள்.
நான் அங்கே இருப்பதையே மறந்து
இருபத்தைந்து நிமிடம்.
அறுபது லீக்ஸ் போனது, இருவருக்கும் கோபத்தோடு.

திங்களன்று அவர் கடையில் ஒரு அட்டை:
'பெரில். 14 மைல்.'
பெயரில் ஓர் எழுத்து பிழை.
விலை, அவர் சொன்னதைவிடப் பத்துப் பென்ஸ் கூட.
மீதி லீக்ஸை நானும் அலுவலகமும்
மூன்று நாள் சூப்பாகக் குடித்தோம்.

இன்று ஆறாம் வாரம், வெள்ளி.
மேலதிகாரி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.
கடைசிப் பக்கத்தில் இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.
பேனா நடுவில் நிற்கிறது,
இரண்டுக்கும் இடையே அரை அங்குல வெள்ளைத் தாளில்.
அங்கேயே எழுதத் தொடங்குகிறேன்.

பரிந்துரை ஒன்று: கழிப்பறை.