அரைஞாணில் ஒரு சாவி

நாற்பத்தெட்டு நாள், முருகா,
கணக்கில் பிசகில்லை.
கோழி இல்லை, பீர் இல்லை,
பாய் விரிக்காத சிமெண்டுத் தரை,
விடியுமுன் பச்சைத் தண்ணீர்.
பஹாவில் முடிவெட்டுகிற அங்கமுத்துகூடச் சொன்னான்,
"காண்ட்ராக்டர் முகத்தில ஒரு களை."

இன்று பங்குனி உத்திரம்.
செம்பனை ஆலைப் புகைக்குக் கீழே
உறுமி அதிர
கன்னத்தில் வேல் இறங்கியது.
ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
பார்த்தவர்கள் கைகூப்பினார்கள்.

வலித்தது வேறிடம்.
மஞ்சள் வேட்டிக்குள், அரைஞாணில்,
மேசை இழுப்பறைச் சாவி.
உள்ளே பதினொரு பாஸ்போர்ட்டுகள்
ரப்பர் வளையம் போட்டு.
ஓடிவிடுவார்கள் என்று
நான்தான் வாங்கி வைத்தேன்.
குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை.

நாக்கைக் கொடுத்தேன், வயிற்றைக் கொடுத்தேன்,
உறக்கத்தையும்.
விரல்நீள இரும்பு,
இது மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றேன்.
நீ சரி என்றாயா?
எனக்குக் கேட்கவில்லை.

பெட்ரோல் நிலையத் திருப்பத்தில்
தண்ணீர்ப் பந்தல்.
அங்கே ரஃபிகுல்.
ஊரில் தாய் இறந்து ஒன்பது நாள் ஆனவன்,
போய் வருகிறேன் என்று
என் வாசலில் இரண்டு முறை நின்றவன்.
யாரும் சொல்லாமலே குனிந்து
கொதிக்கும் தார்ரோட்டில்
என் பாதங்களுக்கு நீர் ஊற்றினான்.

வாயில் வேல்.
ஒரு வார்த்தைக்கும் வழியில்லை.
கோயிலுக்கு இன்னும் அரைக் கட்டை தூரம்.
அலுவலகம்
எதிர்ச்சாரியில்தான்,
பச்சைக் கதவு.

உறுமி முன்னே போய்விட்டது.
பின்னால் வருகிறவர்கள்
அருள் வந்ததாக நினைத்து
விலகி நடக்கிறார்கள்.